ஐயாயிரம் ரூபாயில் வர்க்கலாக் கடல்



அரிசி, பருப்பில் வண்டு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வண்டு எங்கும் ஓடிவிடாது, அது அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்தத் தடவை எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தீபாவளி முடிந்தால் எங்கள் சிவகாசி எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. திருவிழா முடிந்த கோயில் மாதிரி ஊரே ஓய்ந்துவிடும். பட்டாசு ஆலைகள் சில வாரங்களுக்கு மூடிக் கிடக்கும். போனஸ் வாங்கியவர்கள் கடனை அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அந்த ஓய்வு கிடையாது. அவருக்கு அச்சாபீஸில் வேலை. காலண்டர், டைரி என்று மார்கழி வரை மிஷின் நிற்காது.

அப்படி ஒரு நாள் காலேஜில் படிக்கிற என் மகள், "அம்மா, நாங்க நாலு பேர் வர்க்கலாவுக்குப் போறோம். முதுகுல ஒரு பை, அவ்வளவுதான். செலவு கம்மி" என்றாள். வெளிநாட்டுப் பெண்கள் உலகத்தையே இப்படித்தான் சுற்றுகிறார்களாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மாமியார், "பொம்பளைப் புள்ள படி தாண்டிப் போக வேண்டாம்" என்றார். அத்தோடு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அத்தை கெட்டவர் அல்ல. மருமகளை அதட்டிக்கூடப் பேசாதவர். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள், என் நாத்தனார். இருபது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போன இடத்தில் நடந்த விபத்தில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது 19. என் மகளுக்கு இப்போது வயது 19. அதற்கு மேல் விளக்க வேண்டாம் அல்லவா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயரில் ஒரு சினிமா நடிகை டிவியில் வந்தால்கூடச் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். "சிநேகிதிகள் வேண்டாம். நான் வாரேன். அத்தையும் வரட்டும். வர்க்கலாவில் ஜனார்த்தன சுவாமி கோயில் இருக்கு. சுற்றுலான்னு சொல்ல வேண்டாம், கோயில்னு சொல்லுவோம்." சகோதரிகளே, நம் வீடுகளில் 'கோயில்' என்ற வார்த்தைக்கு இருக்கிற மகிமையே தனி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்து தீப்பெட்டி ஒட்டியும் சரம் பின்னியும் வளர்ந்தவர். 68 வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. "அங்க கடல் இருக்காமே?" என்று மட்டும் ராத்திரி என்னிடம் கேட்டார்.

பணத்துக்கு நான் சிறுவாடு சேர்த்த ஐயாயிரம் ரூபாய் இருந்தது. ஒரு பைசா கூடுதலாகக் கேட்க மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சவால் விட்டேன்.

அறை பார்த்த கதை

வர்க்கலா கேரளத்தில், திருவனந்தபுரம் ஜில்லாவில் இருக்கிறது. கடலுக்கு மேலே சுவர் மாதிரி செம்மண் குன்று நிற்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தக் குன்றின் விளிம்பில்தான் விடுதிகளும் ஓட்டல்களும் வரிசையாக இருக்கின்றன. வெளிநாட்டார் கூட்டம் வருகிற இடம் என்பதால் விலையும் அப்படித்தான். மகள் போனில் பார்த்தபோது கடல் தெரிகிற அறைக்கு ஒரு ராத்திரி வாடகை 4,500 ரூபாய் என்று காட்டியது. என் மொத்தச் சேமிப்பும் ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு!

ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்ததில் மூன்று விஷயம் புரிந்தது. முதலாவது, கடல் தெரிகிற ஜன்னலுக்குத்தான் அந்த விலை. அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்குள் குடும்பமாக இருப்பவர்கள் மாடி அறையை வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டாவது, சனி ஞாயிறில் 1,400 கேட்கிற அதே வீட்டில் செவ்வாய், புதனில் 900 சொன்னார்கள். மூன்றாவது, கிறிஸ்துமஸ், புது வருஷ சமயத்தில் பக்கமே போகக் கூடாது. டிசம்பர் 30-லிருந்து ஜனவரி 1 வரை சிவகிரி யாத்திரைக்கு மஞ்சள் உடுத்திய பக்தர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

போனில் பேசும்போது கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள்: குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? படி ஏற வேண்டுமா? வெந்நீர் கிடைக்குமா? வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு வீட்டுக்கார அம்மாவே போனை வாங்கிப் பேசினார். அப்போதே என் பயம் பாதி போயிற்று. முன்பணம் கொஞ்சம் மட்டும் அனுப்பினேன். ஆதார் அட்டையை எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மூட்டையும் முதுகுப்பையும்

மூன்று பேருக்கும் இரண்டே பை. ஒன்று மகளின் காலேஜ் முதுகுப்பை, இன்னொன்று என் தோள்பை. பெட்டி எடுத்தால் ஆட்டோ வேண்டும், கூலி வேண்டும். பையை முதுகில் மாட்டினால் கை இரண்டும் காலியாக இருக்கும். ஒரு கையால் அத்தையைப் பிடித்துக்கொள்ளலாம்! வெளிநாட்டுப் பெண்கள் ஏன் அப்படிப் போகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கிற்று.

ஆளுக்கு இரண்டு மாற்றுத் துணி. சீக்கிரம் காய்கிற சின்தெடிக் சேலை நல்லது. கனமான டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. துணி காயப்போட நைலான் கயிறு, நாலு கிளிப். அத்தையின் பிரஷர் மாத்திரை இரண்டு நாளைக்கு அதிகப்படியாக, அதுவும் பெரிய பையில் அல்லாமல் என் கைப்பையில். மாதவிலக்குக்கு வேண்டியது, தேதி இல்லாவிட்டாலும். ஒரு குடை. ஐப்பசியில் அங்கே சாயங்காலம் இடி மழை வரும்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் பூராவும் வீட்டுக் கட்டுச்சோறு. இட்லியை நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி, வாழை இலையில் மடித்தேன். புளியோதரை, வறுத்த வேர்க்கடலை, சாத்தூர் காராச்சேவு. தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் மட்டும் நெடும் பிரயாணத்தில் வேண்டாம், வெயிலில் கெட்டுப்போகும்.

மலையைக் குடைந்த ரயில்

மதுரையிலிருந்து விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், தென்காசி வழியாகக் குருவாயூர் போகிற பகல் ரயில் இருக்கிறது. அதில் கொல்லம் வரை போய், அங்கிருந்து வேறு ரயில் மாறினால் அரை மணியில் வர்க்கலா. ராத்திரி வண்டியும் உண்டு. ஆனால் நடுநிசியில் வயதானவரை ஸ்டேஷனில் உட்கார வைக்க வேண்டாம் என்றுதான் பகல் வண்டி. இன்னொரு காரணம், செங்கோட்டை தாண்டிய மலைப்பாதையைப் பகலில்தான் பார்க்க முடியும்.

கொல்லம் - செங்கோட்டைப் பாதை 1904-ல் போட்டது. மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக, செங்கோட்டை - புனலூர் மலைப்பகுதியில் 2010-ல் ரயிலை நிறுத்தினார்கள். 2018-ல்தான் மறுபடி ஓடிற்று. பகவதிபுரம் தாண்டியதும் குகைக்குள் நுழைந்து, வண்டி ஒரே இருட்டு. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தால் சட்டென்று குளிர்காற்று, எங்கு பார்த்தாலும் பச்சை. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போயிற்று. எங்கள் கரிசல் காட்டு வெயிலில் கிடந்தவர்களுக்கு இது சினிமா பார்ப்பது போலத்தான்.

வயதானவர்களுக்கு முன்பு டிக்கெட்டில் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தியதால் அத்தைக்கும் முழு டிக்கெட்தான். இருந்தாலும் ரயிலைவிடச் சிக்கனம் வேறு எதுவும் இல்லை.

ராத்திரி வீட்டுக்கார அம்மா சொன்ன சின்ன ஓட்டலில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டோம். சிவப்பரிசிக் கஞ்சி, பாசிப்பயறு, தேங்காய்ச் சம்மந்தி. வயிற்றுக்கு இதமாக இருந்தது. குடிக்க இளஞ்சிவப்பாக வெந்நீர் கொடுத்தார்கள். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சியதாம். கேரளத்தில் காய்ச்சின தண்ணீர் கேட்டால் பெரும்பாலான ஓட்டல்களில் சும்மாவே தருகிறார்கள். பாட்டில் தண்ணீர்ச் செலவே எங்களுக்கு இல்லை.

பாபநாசக் கரையில்

மறுநாள் விடியற்காலை கடலுக்குப் போனோம். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் 'கிளிஃப்' என்று சொன்னால் குன்றின் மேலே விட்டுவிடுவார். அங்கிருந்து செங்குத்தான படி இறங்க வேண்டும், முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. 'பாபநாசம் பீச்' என்று சொல்லுங்கள். கோயில் பக்கத்து ரோடு மணல் வரைக்கும் போகிறது.

அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இம்புட்டுத் தண்ணியா!" என்றார். எங்கள் பக்கம் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலத்தையெல்லாம் பார்த்தவர்.

கரையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து பலி இட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் தர்ப்பணம் என்று சொல்வோமே, அதுதான். ஆடி அமாவாசை சமயத்தில் கர்க்கடக வாவு பலிக்கு இங்கே பெருங்கூட்டம் கூடும். மற்ற நாளிலும் நடக்கிறது. வாழை இலை, எள், பூ, தர்ப்பை, சோற்று உருண்டை. அதில் அத்தை கண்ணில் பட்டது என்ன தெரியுமா? பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்காக ஒரு பெண், புருஷனுக்காக ஒரு பாட்டி. கேரளத்தில் பெண்களும் பலி இடுவது வழக்கம்.

"பொம்பளைக செய்யலாமா?" என்று அத்தை கேட்டார். நான் போய் விசாரித்தேன். "அதுக்கென்ன, உட்காரச் சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர், பாதி மலையாளம் பாதித் தமிழில்.

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்குத் திதி கொடுக்க யாரும் இல்லை என்று எங்கள் வீட்டில் அப்படியே விட்டுவிட்டோம். அத்தை மணலில் உட்கார்ந்தார். "யாருக்கு?" என்று கேட்டார் அவர். "மகளுக்கு." "பேர்?"

நானும் மகளும் மூச்சுக்கூட விடவில்லை. அலை ஒன்று வந்து போயிற்று. அத்தை அந்தப் பெயரைச் சொன்னார். இருபது வருஷம் கழித்து, சத்தமாக. "நட்சத்திரம்?" அதையும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது அத்தையுடையது.

இலையைத் தலையில் வைத்துக்கொண்டு கடலுக்குள் நடந்தபோது என் மகள்தான் அப்பத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்த அத்தை அழவில்லை. "பசிக்குது தாயி, ஒரு காப்பி குடிப்போம்" என்றார்.

காசில்லாமல் பார்த்தவை

வர்க்கலாவில் நல்லது எல்லாம் இனாம்தான். கடல் இனாம், குன்றின் மேல் நடைபாதை இனாம், சூரிய அஸ்தமனம் இனாம். அடிவாரத்தில் பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிறது. மருத்துவ குணம் உண்டு என்பார்கள். கால் கழுவிக்கொண்டோம், ஆனால் குடிக்கவில்லை. ஜனார்த்தன சுவாமி கோயிலில் டச்சுக் கப்பல்காரர் கொடுத்ததாகச் சொல்லும் மணி தொங்குகிறது. எதிரே சக்கர தீர்த்தக் குளம். நாரதர் எறிந்த வல்கலம், அதாவது மரவுரி, விழுந்த இடம் என்பதால் வர்க்கலா என்று பெயர் வந்ததாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பிறகு சிவகிரி மடம். நாராயண குரு 1928-ல் சமாதியான இடம். தீண்டாமைக்கு எதிராக எழுந்த பெரியவர். வைக்கம் போராட்டம் நடந்த 1925-ல் காந்திஜி அவரை இங்கே வந்து பார்த்திருக்கிறார். குன்றின் மேல் காற்றும் அமைதியும் மனசுக்கு மருந்து. மதியம் குருபூஜைச் சாப்பாடு எங்களுக்கும் கிடைத்தது. நான் உண்டியலில் நூறு ரூபாய் போட்டேன். இனாமாகக் கிடைத்தாலும் நம்மால் ஆனதைப் போடுவதுதான் மரியாதை.

சாயங்காலம் காப்பில் போனோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ரோடு! தனியார் பஸ்ஸில் ஏறி, நம் ஊர் டவுன் பஸ் பழக்கத்தில் நான் ஜம்மென்று டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து கையை நீட்டினார். "பெண்களுக்கு டிக்கெட் இல்லியே" என்றேன். "அது தமிழ்நாடு, சேச்சி!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அங்கே குறைந்தபட்சக் கட்டணம் 2022-லிருந்து பத்து ரூபாய்.

இருட்டுகிற நேரம் குன்றின் மேல் நடந்தோம். ஓட்டல் வாசலில் மீனை ஐஸில் பரப்பி விலை சொல்கிறார்கள். ஒரு மீன் விலையில் எங்கள் வீட்டு ஒரு வார மளிகை வரும். பார்த்தோம், ரசித்தோம், உள்ளே வந்து தோப்பு ஓட்டலில் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டோம்.

கணக்கு இதோ

ரயில், போக வர மூன்று பேருக்கு - 780 ரூபாய்
அறை, இரண்டு ராத்திரி - 1,800
சாப்பாடு, டீ (திரும்பும்போது வாங்கிய பொதிச்சோறு உட்பட) - 1,020
ஆட்டோ, பஸ் - 420
பலி, கோயில், உண்டியல் - 350
நேந்திரங்காய் சிப்ஸ், சில்லறை - 230
ஆக மொத்தம் 4,600 ரூபாய்.

மீதி 400 ரூபாயை வீட்டுக்காரர் முன்னால் எண்ணி வைத்தேன். மனுஷர் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார்!

தாய்மார்கள் கவனிக்க

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வர்க்கலாக் கடலில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. சிவப்புக் கொடி இருந்தால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். காவலர் விசில் ஊதினால் உடனே கரையேறுங்கள். பிள்ளையின் விரலைப் பிடிக்காதீர்கள், வழுக்கிவிடும். மணிக்கட்டைப் பிடியுங்கள். இருட்டியபின் கடலில் இறங்கவே கூடாது. குன்றின் விளிம்பில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதும், அடிவாரத்தில் நிழலுக்கு ஒதுங்குவதும் வேண்டாம், மழைக்காலத்தில் மண் சரியும்.

கடல் குளியல் முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். உப்பும் மணலும் தொடை இடுக்கில் நின்றால் புண்ணாகும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்தாலோ கண் உள்ளே போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் அப்பத்தாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். மறுபடி குகை வந்தது. இந்தத் தடவை அத்தை என் கையைப் பிடிக்கவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அடுத்த வருஷம் இவ சிநேகிதப் புள்ளைகளோட போகட்டும். நம்ம போன அதே வீட்டுல தங்கச் சொல்லு. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லு. அது போதும்."

மகள் தூங்கவில்லை போலிருக்கிறது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அடுத்த இதழில் வண்டு விஷயம், கட்டாயம்!